பழைய மேப்பும் செப்புத்தகட்டுப் படமும் வீட்டுச் சுவரில்: நல்ல நகல் எடுப்பது எப்படி

எங்கள் வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருக்கிறார்கள். முன்னறைச் சுவரில் ஒரு மேப் மாட்டியிருக்கிறேன். கியோம் டிலில் என்ற பிரெஞ்சுக்காரர் 1723-இல் பாரிசில் வெளியிட்ட மலபார், சோழமண்டலக் கரைகளின் வரைபடம் அது, அதாவது அதன் நகல். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிய கையோடு அதன் முன்னால் போய் நின்று தங்கள் ஊரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், காப்பி ஆறிப்போகும். "இதுல நம்ம பார்டர் எங்க?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. அந்தக் கோடு அதில் எப்படி இருக்கும்? மதுரை, தஞ்சாவூர் என்று அரசுகளின் பெயர்தான் இருக்கிறது. நம்முடைய எல்லை 1956 நவம்பர் 1-இல் போட்டது.

அப்படி வந்தவர்களில் பலர் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, எனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எந்தப் படம் என்பதை முடிவு செய்யுங்கள். கடையில் விற்கும் "பழைய உலகப் படம்" எதையாவது வாங்கி மாட்டினால் ஒரு வாரத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும். உங்களுக்குத் தெரிந்த மண், தெரிந்த கடல், தெரிந்த மரம் இருக்கிற படமாகப் பாருங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் குறையே இல்லை, ஏனென்றால் மிளகுக்காகவும் முத்துக்காகவும் வந்தவர்களில் பலரும் கன்னியாகுமரி முனையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது, போனவர்கள் வரைந்து வைத்துக்கொண்டார்கள். பழங்காலப் புவியியலாளர் தாலமியின் நூலுக்காக 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் அச்சான மரக்கட்டை மேப்புகளில் கடலுக்கு அடர்ந்த நீலம் தீட்டியிருப்பார்கள். அதில் இந்தியா முக்கோணமாகவே இருக்காது, இலங்கை மட்டும் பூதாகரமாக இருக்கும். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் 1596-இல் வந்தது, அதன் மேப்புகளில் கப்பலும் கடல் மிருகமும் அலங்கார எழுத்தும் நிறைந்திருக்கும். பால்தேயுஸ் பாதிரியார் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் மலபார், சோழமண்டலம், இலங்கை மூன்றின் ஊர்க்காட்சிகளும் உண்டு.

மேப் வேண்டாம், காட்சி வேண்டும் என்பவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரையும் பாருங்கள். வில்லியம், தாமசுடைய சகோதரரின் மகன். இந்த இரண்டு ஆங்கில ஓவியர்களும் 1792, 93-இல் தெற்கே பயணம் வந்தார்கள். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை 144 படங்களாகத் தங்கள் வரிசையை வெளியிட்டார்கள். களக்காட்டுப் பக்கமிருந்து பார்த்த குமரிமுனை மலைகள், பாபநாசம் அருவி இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு விஷயம், இவை கோட்டுச் செதுக்கல், அதாவது தகட்டில் உளியால் கோடு கோடாகக் கீறி அச்சடிப்பது, இல்லை. அக்வாடின்ட் என்கிற முறை, செப்புத் தகட்டில் அமிலத்தால் சாயைகளை உண்டாக்கி அச்சடித்துக் கையால் வண்ணம் போட்டது. அதனால் மெல்லிய வெளிச்ச வித்தியாசங்கள்தான் படத்தின் உயிர், சாதாரண அச்சில் அவை எல்லாம் சேறாகிவிடும். நல்ல அச்சு எடுக்க வசதி இல்லையென்றால் கோட்டு ஓவியம் பக்கம் போவது நல்லது.

கோட்டு ஓவியத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஹோர்தூஸ் மலபாரிக்குஸ். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களை வைத்துத் தொகுத்த செடிகொடி நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வந்தது. முதல் தொகுதியில் முதல் படமே தென்னைதான். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் தெங்கு என்றுதான் சொல்வார்கள், அந்த நூலிலும் பெயர் தெங்கா என்றுதான் போகிறது. படத்தின் மேல் மூலையில் செடியின் பெயரை மலையாள எழுத்திலும் அரபியிலும் நாகரியிலும் லத்தீனிலும் செதுக்கியிருப்பார்கள். மேப்பைப் போல நுணுக்கி நுணுக்கிப் படிக்க வேண்டியதில்லை, சாப்பாட்டு அறையில் வரிசையாக நாலு மாட்டினால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. முதல் முறை செய்கிறவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன்.

சரி, அச்சடிக்க ஸ்கேன் கோப்பு எங்கே கிடைக்கும்? பிரெஞ்சு மேப்புகளுக்குப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளம். டச்சு அச்சுப்படங்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியம். எல்லா நாட்டு மேப்புகளுக்கும் டேவிட் ரம்சே சேகரிப்பும் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரசும். செடிகொடிப் படங்களுக்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கையால் வரைந்து வைத்திருந்த கோட்டை, துறைமுகப் படங்கள் ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடும்போது இன்றைய பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. கன்னியாகுமரிக்குக் கேப் கொமோரின் (Cape Comorin), கொல்லத்துக்குக் குவிலான் (Quilon) அல்லது கூலான் (Coulan), கோட்டாற்றுக்குக் கொட்டாட்டே (Cotate) என்று அந்தக் காலத்து எழுத்தில், ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தேடுங்கள்.

உரிமை விஷயம் பலருக்குக் குழப்பம். நம் நாட்டுச் சட்டப்படி படைத்தவர் இறந்து 60 ஆண்டு ஆனால் பதிப்புரிமை முடிந்தது, இவர்கள் எல்லாரும் இறந்து 180 வருஷத்துக்கு மேல். ஆனால் ஸ்கேன் எடுத்து வைத்த நூலகம் தன் கோப்பைப் பயன்படுத்த நிபந்தனை போட்டிருக்கலாம். ரெய்க்ஸ் மியூசியம் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ரம்சே தளமும் காலிகாவும் சொந்த உபயோகத்துக்கு விடுகின்றன, மூலத்தின் பெயரைச் சொன்னால் போதும், விற்பனைக்கு என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுச் சுவருக்குக் கவலையே வேண்டாம். அச்சடித்து விற்கலாம் என்று யோசிப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழேயும் இருக்கிற வரியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

இப்போது கணக்கு, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கூகுளில் கண்ட சின்னப் படத்தைச் சேமித்து மூன்றடிக்கு அடித்தால் ஊர்ப்பெயர் எல்லாம் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும், மேப்பை மூக்கு உரசப் பார்ப்பார்கள் என்பதால் அதற்கு 300-ஐ விடாதீர்கள். 60 சென்டிமீட்டர் அகலப் படம் என்றால் 60-ஐ 2.54-ஆல் வகுத்தால் 23.6 அங்குலம், அதை 300-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 7,090. கோப்பின் அகலம் அத்தனை பிக்சல் இருக்கிறதா பாருங்கள். ஏ3 தாளுக்கு 3508-க்கு 4961 பிக்சல். குறைந்தால் படத்தைச் சின்னதாக அடியுங்கள், கோப்பை ஊதிப் பெரிதாக்காதீர்கள். குறிப்பாக ஏஐ வைத்துப் பெரிதாக்கும் செயலிகளை மேப்புக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். அவை புரியாத எழுத்தைத் தாமாகக் கற்பனை செய்து நிரப்பிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும், கிட்டே போனால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. தன் ஊர்ப்பெயரைத் தேடி வருகிறவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

அளவைப் பற்றி என் உறுதியான கருத்து ஒன்று உண்டு. மூலம் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனையே அடியுங்கள். நூலகத் தளத்தில் படத்தின் விவரத்தில் நீள அகலம் போட்டிருப்பார்கள். செதுக்கியவர் தன் உளியின் கோட்டை அந்த அளவுக்குத்தான் அளந்து போட்டிருக்கிறார். இரண்டு மடங்காக்கினால் கோடுகள் தடித்துப் படம் முரடாகிவிடும், பாதியாக்கினால் எழுத்து படிக்க முடியாது. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் அச்சு அளவு என்ற இடத்தில் சென்டிமீட்டரைப் போட்டால் வேலை முடிந்தது.

அதே கிம்பில் கொஞ்சம் சுத்தம் செய்யலாம், கொஞ்சமே. அட்லசிலிருந்து வந்த மேப்பில் நடுவே மடிப்புக் கோடு இருக்கும், அது இருக்கட்டும். பூச்சி அரித்த ஓட்டை, ஓரக் கிழிசல், நூலக முத்திரை இவையும் இருக்கட்டும் என்றுதான் நான் விடுவேன், அந்தத் தாள் பட்ட பாடு அது. ஸ்கேன் செய்தபோது ஓரத்தில் விழுந்த கறுப்புப் பின்னணியையும் வண்ண அளவுகோலையும் மட்டும் வெட்டுங்கள். ஆட்டோ கலர், ஆட்டோ கான்ட்ராஸ்ட் எதையும் தொட வேண்டாம், தாளின் நிறம் வெளிறிக் கோடு எரிந்து போகும்.

தாள் நிறத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஸ்கேனில் ஏற்கெனவே பழுப்பு நிறம் இருக்கிறது. அதை அப்படியே அடிக்கப்போகிறீர்கள் என்றால் வெள்ளைத் தாளில் அடியுங்கள். பழுப்புத் தாளில்தான் அடிப்பேன் என்றால் ஸ்கேனின் பின்னணி நிறத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் அடியுங்கள். இரண்டையும் சேர்த்தால் மஞ்சள் மேல் மஞ்சள் ஏறிப் படம் காமாலை பிடித்தது போல ஆகிவிடும்.

தாள் என்று வந்தால் பளபளக்கும் போட்டோ பேப்பர் கூடவே கூடாது. அந்தக் காலத்துச் செப்புத் தகட்டு அச்சு மங்கலான, கொஞ்சம் சொரசொரப்பான, கந்தல் துணியிலிருந்து செய்த தாளில்தான் இருந்தது, மரக்கூழ்த் தாள் பரவியதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில். நூறு சதவீதப் பருத்தி மேட் (பளபளப்பில்லாத) தாள், இங்க்ஜெட்டுக்கென்று பூச்சுப் பூசியது, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில் கேளுங்கள். ஹானமியூலே கம்பெனியின் போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் தாள் பெரிய லேபுகளில் கிடைக்கும், விலை அதிகம்தான். புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பூச்சு இல்லாத கைக்காகிதத்தில் மை கசிந்து கோடு பூத்துவிடும், பெரிய படம் அடிக்கும் முன் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

அச்சுக்கடையில் பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் மெஷினைக் காட்டுவார்கள், அது வேண்டாம். பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை) போடும் பெரிய இங்க்ஜெட் இருக்கிறதா என்று கேளுங்கள், நாகர்கோவிலில் தேடிக் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்துக்கு ஒரு பஸ் ஏறினால் கிடைக்கும். டை மை (கரைந்த சாயம்) என்றால் சீக்கிரம் வெளிறிவிடும், ஈரம் பட்டால் ஓடிவிடும். ஆபரேட்டரிடம் மூன்றே மூன்று விஷயம் சொல்லுங்கள்: நூறு சதவீத அளவிலேயே அடிக்க வேண்டும், பேஜுக்குத் தக்கபடி சுருக்கக் கூடாது, கலர் கரெக்ஷன் எதுவும் வேண்டாம். முழுப் படத்துக்கு முன்னால் ஊர்ப்பெயர்கள் நெருக்கமாக இருக்கிற ஒரு மூலையை மட்டும் ஏ4-இல் அடிக்கச் சொல்லி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அச்சைச் சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் வரும்படி அகலமான குழாயில் சுற்றி வாங்குங்கள், ரப்பர் பேண்ட் போட விடாதீர்கள், ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால்கூடப் பருத்தித் தாளில் போகாது.

கை வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு வழி. அந்தக் காலத்து மேப்புகள் கறுப்பில் மட்டும் அச்சாகி, வண்ணம் பிறகு தூரிகையால் போட்டதுதான். நீங்களும் வண்ணம் இல்லாத பிரதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாட்டர்கலர் தீட்டலாம். பிக்மென்ட் மையில் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, எல்லைக் கோடுகளை ஒட்டி மட்டும் நீர்த்த நிறத்தை ஓட்டுங்கள், கடலை விட்டுவிடுங்கள் அல்லது கரையோரம் மட்டும் மெல்லிய நீலம். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை மூன்றே போதும். என் தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், அவள் தீட்டிய லின்ஸ்கோட்டன் மேப் என்னுடையதை விட நன்றாக வந்திருக்கிறது.

அடுத்து பிரேம். எங்கள் ஊரில் இதுதான் மிக முக்கியம், ஏனென்றால் இடவப்பாதி மழையும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) வரும், ஐப்பசி மழையும் வரும், சுவர் ஓதம் காயவே காயாது. நான் முதன்முதலில் மாட்டிய படத்தைச் சாமி படம் பிரேம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வழக்கப்படி ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிக் கண்ணாடியை நேராக மேலே வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலம், தாள் கொப்பளித்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, பிரிக்கப் போனால் மை கண்ணாடியோடு வந்துவிட்டது. மனசு விட்டுப்போனது.

அதனால் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசிச் செய்யச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, இதை ஒட்ட வேண்டாம், நாலு மூலையும் போட்டோ கார்னரில் நிற்கட்டும்" என்று (மூலையைச் செருகும் சின்னத் தாள் உறை அது) சொன்னால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், பிறகு செய்து கொடுப்பார். ஃபெவிகால், செலோ டேப், மைதாப் பசை மூன்றும் படத்தைத் தொடக் கூடாது, மைதாவுக்கு இராமபாணப் பூச்சி தேடி வரும். படத்தைச் சுற்றி ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு வைத்தால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்க இடம் கிடைக்கும். மவுண்டும் பின் அட்டையும் அமிலம் இல்லாத ரகமாக இருக்கட்டும், சாதா அட்டையின் அமிலம் சில வருஷத்தில் தாளின் ஓரத்தில் பழுப்புக் கோடாக இறங்கும். ஹார்ட்போர்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் படத்துக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். சட்டத்துக்கு மெல்லிய தேக்கு அல்லது அயனி மரம், கறுப்பு அல்லது மரத்தின் சொந்த நிறம், தங்கப் பூ வேலை எல்லாம் கோட்டு ஓவியத்தை அமுக்கிவிடும். பின்பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி மூடி, கீழ் மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டிவிட்டால் பிரேமுக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும்.

மழைச்சாரல் அடிக்கிற மேற்குச் சுவர், குளியலறைச் சுவர், அடுக்களையை ஒட்டிய சுவர், நேர் வெயில் விழும் இடம் இவை ஆகாது. வீட்டின் உள்சுவர்தான் நல்லது. ஆடி மாதம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்னால் பூசணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் துணியால் துடைத்து மாட்டுங்கள்.

நகல் வாங்கப் போகிறவர்களும், மூலம் என்று சொல்லி விற்கப்படுவதை வாங்க ஆசைப்படுகிறவர்களும் ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைப்பாரே, அதுதான். வண்ணப் பகுதி ஒழுங்கான பூ மாதிரிப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, ஒழுங்கில்லாமல் நுண்புள்ளி தெளித்தது போல இருந்தால் இங்க்ஜெட். உண்மையான செப்புத்தகட்டு அச்சில் கோடு முழுசாக, உடையாமல் ஓடும், மை தாளுக்கு மேல் துளி எழும்பி நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் ஒரு செவ்வகமாகத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் 18-ஆம் நூற்றாண்டு முற்பாதி வரையான தாளில் சல்லடைக் கம்பியின் கோடுகள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் தெரியும். பழைய பச்சை வண்ணம் செம்பிலிருந்து எடுத்தது, அது தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், தகடு அழுத்திய பள்ளத்தைப் போலியாகவும் போடுகிறார்கள். இன்னொன்று, 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தடை இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மூலப்படத்தை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். நகலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூலம் வாங்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. சந்தைக்கு வரும் தனி மேப்புகளில் நிறைய, யாரோ ஒரு முழு அட்லசைப் பிரித்து ஏடு ஏடாக விற்றவை. 300 வருஷம் ஒன்றாக இருந்த புத்தகம் அப்படிச் சிதறுகிறது. நல்ல நகல் சுவரில் இருந்தால் அந்தப் புத்தகம் முழுசாக நூலகத்தில் இருக்கும்.

அதனால்தான் டீத்தண்ணீரில் நனைத்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கிப் பழசு போலக் காட்டும் வேலையைச் செய்யாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். டீக்கறை தாளைக் கெடுக்கும் என்பது ஒரு பக்கம். இன்றைக்கு நீங்கள் விளையாட்டாகச் செய்ததை ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரன் மூலம் என்று நம்பி விற்பான், அல்லது வாங்கியவர் ஏமாறுவார். பிரேமை மூடுவதற்கு முன் படத்தின் பின்னால் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறி முன்னால் வரும். என் வீட்டு மேப்பின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறேன்: "நகல். மூலம்: கியோம் டிலில், பாரிஸ், 1723. ஸ்கேன்: காலிகா, பிரான்ஸ் தேசிய நூலகம். மூல அளவிலேயே, பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில் அச்சடித்தது." அதற்குக் கீழே அடித்த மாதமும் வருஷமும், எங்கள் ஊர்ப்பெயரும்.